கறை படிந்த சீலிங் டைல்களும் ஸ்பிரே பூச்சும்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் ஏதாவதோர் அலுவலகத்திலோ மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலோ அண்ணாந்து பார்த்தால், வெள்ளைச் சதுரங்களாகப் பரப்பிய ஃபால்ஸ் சீலிங்கில் அங்கங்கே பழுப்பு வட்டங்கள் படர்ந்திருப்பதைக் காணலாம். கட்டடப் பராமரிப்பையே தொழிலாகக் கொண்டிருப்பதால், இந்த வட்டங்களை என்ன செய்வது என்று கேட்டு ஆண்டுதோறும் யாராவது என்னை அழைப்பார்கள். டைலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுவது, அல்லது ரோலரை எடுத்து வெள்ளை எமல்ஷனைப் பூசிவிடுவது என்ற இரண்டு வழிகள்தாம் பெரும்பாலோருக்குத் தெரிந்தவை. கசிவை நிறுத்தி, கறையைப் பிரைமரால் அடைத்து, அதன்மேல் மிக மெல்லிய பூச்சை ஸ்பிரே செய்து அதே டைலை மீண்டும் பயன்படுத்துவது மூன்றாவது வழி. கோடம்பாக்கத்தில் என் பொறுப்பில் இருக்கும் ஒரு மொழிப் பயிற்சி மையத்தில் சென்ற கோடை விடுமுறையின்போது அதைச் செய்தோம். அதில் கவனிக்க வேண்டியவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்று கருதிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டைல் எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்கு அட்டை போலவும் தொட்டால் உதிரும் சாந்து போலவும் தோன்றும் இந்த மினரல் ஃபைபர் டைலில், உருக்காலைக் கசடையோ பாறையையோ உருக்கி இழுத்த பஞ்சு, பெர்லைட், களிமண், பழைய காகிதக் கூழ் ஆகியவை மாவுப்பசையால் பிணைக்கப்பட்டிருக்கும். காகிதம் செய்வது போலவே இவற்றை நீரில் கரைத்துக் கம்பி வலைமேல் ஊற்றி, நீரை வடித்து, அடுப்பில் உலர்த்தி, பிறகு மேற்பரப்பில் ஊசித்துளைகளையும் வெடிப்புக் கோடுகளையும் பதித்து வெள்ளை அடிப்பார்கள். நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது 600 மி.மீ. சதுர கிரிட்டில், அதாவது டைல்களைத் தாங்கும் தகட்டுச் சட்டகத்தில், உட்காரும் அளவு. அதற்காக டைலின் உண்மையான பக்கம் 595 மி.மீ. அளவில் இருக்கும். மாவுப்பசையும் காகிதக் கூழும் நீருக்கு ஆகாதவை என்பதையும், துளைகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல என்பதையும் மனத்தில் கொண்டால், பின்னால் செய்ய வேண்டியவை தாமாகவே விளங்கிவிடும்.

அந்தத் துளைகளின் வழியாக உள்ளே நுழையும் ஒலி, நுண்ணிய இழைகளுக்கு நடுவே காற்றை அசைத்து, உராய்வினால் வெப்பமாக மாறி அடங்குகிறது. எவ்வளவு அடங்குகிறது என்பதை என்.ஆர்.சி. என்ற எண்ணால் குறிப்பார்கள். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் கிடைக்கும் உறிஞ்சு திறனின் சராசரியே அது. சாதாரண மினரல் ஃபைபர் டைல்களுக்கு இது 0.55 முதல் 0.70 வரை இருக்கும். ரோலரால் தடிமனாக வண்ணம் பூசினால் துளைகளின் வாய் அடைபட்டு இந்த எண் சரிந்துவிடும். அறையில் அதன் விளைவு எப்படி இருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு வகுப்பறையின் கன அளவு 240 கன மீட்டர். கூரைப் பரப்பு 80 சதுர மீட்டர். கூரையின் உறிஞ்சு திறன் 0.6 என்றும், நாற்காலிகள், மனிதர்கள், திரைச்சீலைகள் எல்லாம் சேர்ந்து 12 அலகு உறிஞ்சுகின்றன என்றும் வைத்துக்கொண்டால், 80-ஐ 0.6-ஆல் பெருக்கி வரும் 48-ஐயும் சேர்த்து மொத்தம் 60 அலகு (ஒலியை முழுவதும் விழுங்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஓர் அலகு). ஹார்வர்டில் 1890களின் பிற்பகுதியில் இயற்பியலாளர் வாலஸ் சேபின் கண்டறிந்த சூத்திரத்தின்படி எதிரொலி அடங்க ஆகும் நேரம் 0.161-ஐ 240-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 0.64 நொடி. தடித்த பூச்சினால் கூரையின் திறன் 0.2 ஆகக் குறைந்தது என்று கொண்டால் மொத்தம் 28 அலகுதான் மிஞ்சும், நேரம் 1.38 நொடிக்கு ஏறிவிடும். இரண்டு மடங்குக்கும் அதிகம். வெளியூர் உச்சரிப்பைக் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பழக வேண்டிய மாணவர்களுக்கு அந்த அறையில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி நிற்கும். கூரை பளிச்சென்று வெண்மையாக இருப்பது அதற்கு ஈடாகாது.

இந்தச் சிக்கல் புதியதல்ல. அமெரிக்காவில் 1920களில் கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த பலகையில் வரிசையாகத் துளையிட்டு 'அக்கௌஸ்டி-செலோடெக்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். துளைகள் ஆழமாக இருப்பதால் மேற்பரப்புக்கு மறுபடி மறுபடி வண்ணம் அடித்தாலும் ஒலி உறிஞ்சும் திறன் கெடாது என்பதுதான் அந்தச் சரக்குக்குச் செய்யப்பட்ட விளம்பரம். சக்கைப் பலகை வழக்கொழிந்துவிட்டது. அந்தத் துளைகளோடு ஒப்பிட்டால் இன்றைய மினரல் ஃபைபர் டைலின் ஊசித்துளைகள் மிக நுண்ணியவை. அவற்றுக்கு அத்தகைய தாராளம் கிடையாது.

வண்ணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கறையைப் படிக்கத் தெரிய வேண்டும்; இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் இருந்தால், நீர் விட்டுவிட்டுச் சொட்டியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வளையமும் ஒரு முறை நனைந்து காய்ந்ததன் எல்லைக்கோடு. கறைகள் ஒரே நேர்க்கோட்டில் டைல் டைலாகத் தொடர்ந்தால், மேலே அதே கோட்டில் ஏசி டிரெயின் குழாயோ குளிர்நீர்க் குழாயோ ஓடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். செம்பழுப்பு நிறம் இரும்புத் துருவைக் காட்டும். தளத்தின் கம்பி துருப்பிடித்திருந்தால் அது டைலுக்கு உரிய வேலையே அல்ல, கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டிய வேலை. கறையின் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், நீர் கான்கிரீட்டின் ஊடாகச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. மொட்டை மாடியின் தட்டோட்டு இணைப்புகளைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏசியின் காற்று வெளிவரும் டிஃப்யூசரைச் சுற்றிக் கறுப்பாக இறகு போல் விரிந்திருப்பது கசிவே அல்ல. வேகமாக வெளிவரும் காற்று அறைக் காற்றையும் இழுத்துச் சுழற்றி, அதிலுள்ள தூசியைக் கூரையில் பதிக்கிறது, அவ்வளவுதான். கை அகலமே உள்ள மஞ்சள் கறையில் காரமான நெடி வீசினால் எலியைச் சந்தேகிக்கலாம். அதற்கு எந்தப் பூச்சும் மருந்தாகாது.

எங்கள் கூடத்தில் இருந்தவை பெரும்பாலும் முதல் இரண்டு வகைகள். ஏசி பொருத்தியவர்கள் டிரெயின் குழாயைப் போதிய சரிவில்லாமல் இழுத்திருந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்து, அந்த வயிற்றில் பாசி சேர்ந்து, நீர் பின்னோக்கி ஏறி, ஏசிக்குள் நீரை ஏந்தும் டிரேயிலிருந்து வழிந்திருந்தது. போதாக்குறைக்கு, குழாயின்மேல் சுற்ற வேண்டிய நைட்ரைல் ரப்பர் உறை, இணைப்பு இடங்களிலெல்லாம் விலகியிருந்ததால், சென்னையின் ஈரக்காற்று அங்கே பட்டு வியர்த்துச் சொட்டியது. இவ்விரண்டையும் சரிசெய்து, டிரேயில் வேண்டுமென்றே ஒரு வாளி நீரை ஊற்றி, அது தடையில்லாமல் வெளியே போகிறதா என்று பார்த்த பிறகும், கூடத்தை வழக்கம்போல் ஏசி ஓட விட்டுச் சில வாரம் காத்திருந்தோம். பழைய கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால், கறை அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்பது தெரிந்துவிடும். தாண்டினால் கசிவு இன்னும் நிற்கவில்லை. இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பூச்சு வாங்கும் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கழிக்க வேண்டியதைக் கழிப்பது. தொய்ந்துபோன டைலை எந்தப் பூச்சும் நிமிர்த்தாது. மாவுப்பசை ஊறி வலுவிழந்ததால்தான் அது தொய்ந்தது, அதன்மேல் ஏறும் ஈரமும் எடையும் அதை மேலும் இழுக்கும். மூலை உதிர்ந்தது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுவது, பின்புறம் கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பூத்தது ஆகியவற்றையும் தயங்காமல் தள்ளிவிட வேண்டும். நீரில் நனைந்த சீலிங் டைல்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றை மாற்றும்படியே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தந்துள்ள பூஞ்சணக் கையேடு அறிவுறுத்துகிறது. பூஞ்சணத்தின்மேல் வண்ணம் அடிப்பது அதை மறைக்குமே ஒழியக் கொல்லாது. பழைய கட்டடங்களில் இன்னொரு கவனமும் தேவை. ஃபால்ஸ் சீலிங்காக ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தட்டைப் பலகைகளைப் போட்ட காலம் இங்கே உண்டு. அவற்றைச் சுரண்டுவதோ தேய்ப்பதோ கூடாது. கையில் இருப்பது என்ன பலகை என்று தெரியாதபோது, தெரிந்தவரைக் கேட்கும்வரை அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தப்பித்த டைல்களில் மிஞ்சுவது கறை மட்டுமே. ஆனால் அது நேராக வண்ணம் அடித்தால் மறைந்துவிடுகிற வகையைச் சேர்ந்ததல்ல. டைலுக்குள் பரவிய நீர், காகிதக் கூழிலிருந்தும் மாவுப்பசையிலிருந்தும் பழுப்புப் பொருள்களைக் கரைத்துக்கொண்டு ஈரத்தின் எல்லை வரை போய், அங்கே ஆவியாகும்போது அவற்றை விட்டுச் செல்கிறது. அதனால்தான் நடுவைக் காட்டிலும் ஓரம் கருத்திருக்கிறது. நீரில் கரைந்து வந்த இந்தப் பொருள் மறுபடியும் நீரில் கரையும். எமல்ஷன் என்பது நீரை அடிப்படையாகக் கொண்ட வண்ணம். அதைப் பூசியவுடன் கறை அதற்குள் ஊறி, வண்ணம் காயக் காய மேற்பரப்புக்கு ஏறி வந்து, மறுநாள் காலையில் மங்கலான மஞ்சளாகத் தலைகாட்டும். இன்னொரு கோட் அடித்தால் அதன் வழியாகவும் வரும். மூன்று நான்கு கோட் அடித்த பின்பும் கறை போகவில்லை என்று புலம்புவோரின் டைலைப் பார்த்தால், கறையும் அப்படியே இருக்கும், துளைகளும் அடைபட்டிருக்கும்.

எனவே கறைக்கும் வண்ணத்துக்கும் நடுவே நீரில் கரையாத ஒரு தடுப்பு வேண்டும். இதற்கு மிகச் சிறந்தது ஷெல்லாக் பிரைமர். ஷெல்லாக் என்பது நம் அரக்குதான். ஜார்க்கண்டின் காடுகளில் அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரப்பதைச் சுரண்டி எடுத்துத் தூய்மையாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, வெள்ளை நிறமி சேர்த்தால் இந்தப் பிரைமர் ஆகிறது. தச்சர்கள் மரத்துக்குப் பாலிஷ் போட வைத்திருக்கும் அரக்குச் செதில் தானே செம்பழுப்பாக இருக்கும் என்பதால் அது இங்கே உதவாது. வெளுத்த அரக்கில் செய்த வெள்ளைப் பிரைமரையே கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காத இடத்தில் தின்னரில் கரையும் ஆயில் வகை வெள்ளைப் பிரைமரும் வேலை செய்யும். உலர மட்டும் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். எதுவானாலும் கறையின்மேலும் அதன் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கும் மட்டுமே, அதுவும் லேசாக, ஸ்பிரேயாகத் தெளிக்க வேண்டும். பிரைமர் அந்த இடத்துத் துளைகளை ஓரளவு அடைக்கத்தான் செய்யும். அந்த இழப்பைக் கறையின் பரப்போடு நிறுத்திக்கொள்வதே நோக்கம். ஸ்பிரிட்டும் தின்னரும் தீப்பற்றக்கூடியவை என்பதால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

மிகவும் கருத்த கறைகளை முன்னதாகவே சற்று வெளுக்க வைப்பதும் உண்டு. நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பனித்துளி போல மெல்லத் தெளித்து நன்றாகக் காயவிட்டால், பழுப்பு பாதியாவது தணியும். டைலைக் கீழே இறக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கிரிட்டின் தகடு துருப்பிடிக்கும். கழிவறை கழுவும் அமிலம் எதனோடும் இது கலக்கவே கூடாது; கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு.

பூச்சு வேலைக்கு வந்த மேஸ்திரி இந்தத் தொழிலில் பழுத்தவர். சுவருக்குப் பட்டி பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டைலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், ரோலர்ல ரெண்டு கோட்டு ஏத்தி அடிச்சா ஒரே நாள்ல முடிச்சிடலாம். இதுக்குப் போயி கன்னு, கம்ப்ரஸர்னு எதுக்கு?" என்றார்.

"அண்ணே, இதுல இருக்கிற பொத்தல் எல்லாம் அடைபடாம இருக்கணும். அதுக்குத்தான் கன்னு."

"பொத்தலை அடைக்கிறதுதானே சார் நம்ம வேலையே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் சுவரின் துளைகளை அடைத்து மழமழவென்று ஆக்கியே பெயர் எடுத்த ஒருவரிடம், துளை தெரியும்படி வண்ணம் அடிக்கச் சொல்வது தலைகீழான கோரிக்கைதான். கழித்துப் போட்டிருந்த டைல் ஒன்றின் ஒரு பாதியை ரோலராலும் மறு பாதியைக் கன்னாலும் பூசி, காய்ந்ததும் அதன்மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துக் காட்டினேன். ரோலர் ஓடிய பாதியில் ஊசித்துளைகளின் மேல் வண்ணம் தோல் போலப் படர்ந்து மூடியிருந்தது. வெடிப்புக் கோடுகளின் அடியில் அது குட்டையாகத் தேங்கியிருந்தது. கன் அடித்த பாதியில் ஒவ்வொரு துளையும் கரும்புள்ளியாகத் தனித்துத் தெரிந்தது. அதன்பின் அவரே ஒவ்வொரு டைலையும் டார்ச் அடித்துச் சோதித்துத் தம் பையன்களை விரட்டத் தொடங்கிவிட்டார்.

பூச்சுக்கென்றே வெளிநாடுகளில் தனிச் சரக்கு விற்கிறது. துளையின் குறுக்கே படலமாகப் பாலம் கட்டாமல், இழைகளின்மேல் மட்டும் ஒட்டிக் காயும்படி, பளபளப்பே இல்லாமல் நிறமி மிகுந்ததாக அதைச் செய்கிறார்கள். அத்தகையது கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது. டப்பாவில் அக்கௌஸ்டிக் டைலுக்கு உரியது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எங்களுக்கு அது கைக்கு எட்டாததால், பளபளப்பு அறவே இல்லாத மேட் எமல்ஷனை வழக்கத்தைவிடக் கூடுதலாக நீர்த்து, நைலான் துணியில் வடிகட்டி, 1.8 மி.மீ. நாசில் பொருத்திய கன்னில் அடித்தோம். சில்க், சாட்டின் என்று விற்கும் பளபளப்பு வகைகள் இதற்கு ஆகவே ஆகா. அவற்றில் பிசின் அதிகம், படலம் கட்டுவதே அவற்றின் குணம்.

எவ்வளவு மெல்லிதாக அடிப்பது என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். டைலின் பரப்பு சுமார் 0.36 சதுர மீட்டர். ஒரு கோட்டுக்கு டைலின் மேல் 30 மி.லி. வண்ணம் இறங்கினால், ஈரமாக இருக்கும்போது அதன் தடிமன் சுமார் 83 மைக்ரான். நீர் ஆவியானபின் அதில் பாதிகூட மிஞ்சாது. காற்றில் பறந்து வீணாவதற்கும் இடம் விட்டு, ஒரு லிட்டருக்கு எத்தனை டைல் முடிகிறது என்று கவனித்து வந்தாலே கை தடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். கன்னை டைலிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குச் சற்று அதிகமாகவே பிடித்து, விரலை அழுத்துவதற்கு முன்பே கையை நகர்த்தத் தொடங்கி, டைலின் ஓரத்தைத் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும்; நின்ற இடத்தில் விரலை அழுத்தினால் அங்கே வண்ணம் குவிந்து துளை போய்விடும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தையதன்மேல் பாதி ஏற வேண்டும். முதல் கோட் கிழக்கு மேற்காகப் போனால் இரண்டாவது வடக்கு தெற்காகப் போக வேண்டும், ஏனென்றால் வெடிப்புக் கோடுகள் உள்ள டைலில் ஒரே திசையில் அடித்தால் பள்ளத்தின் ஒரு கரை வெளுத்தும் மறு கரை பழைய மஞ்சளிலும் நின்றுவிடும். தரையில் நிற்பவரின் கண்ணுக்கு அது டைல் முழுவதும் அழுக்காக இருப்பது போலவே படும். முதல் கோட் நன்றாக உலர்வதற்குள் இரண்டாவதை அடிப்பது டைலை மீண்டும் ஊற வைப்பதற்குச் சமம். சித்திரை வெயிலில் இது எளிது, ஐப்பசியில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

டைலை இறக்கி அடிப்பதா, மேலே இருக்கும்போதே அடிப்பதா என்பது கூடத்தின் அளவைப் பொறுத்தது. பெரிய கூடங்களில் தரையையும் மேசைகளையும் பாலிதீன் விரித்து மூடி, கிரிட்டோடு சேர்த்தே அடித்துவிடுகிறார்கள். மஞ்சளாகிப்போன கிரிட்டும் அதோடு வெளுத்துவிடும் என்பது அதன் ஆதாயம். ஆனால் வண்ணம் டைலையும் கிரிட்டையும் சேர்த்து ஒட்டிவிடும். பின்னொரு நாள் ஏசிக்காரர் டைலைத் தூக்கும்போது ஓரம் பிய்ந்து வரும். இதைத் தவிர்க்க, வண்ணம் முழுவதும் இறுகுவதற்கு முன் ஒவ்வொரு டைலையும் ஒரு தடவை லேசாகத் தூக்கி அசைத்துவிட வேண்டும். விளக்குகள், ஸ்பீக்கர்கள், புகை உணரிகள் ஆகியவற்றை மூடிவிட்டு அடிப்பதும், அடித்து முடித்ததும் புகை உணரிகளின் மூடியை மறக்காமல் எடுப்பதும் கட்டாயம். தீப்பிடித்தால் நீரைத் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் தலையில் ஒரு துளி வண்ணமும் படக்கூடாது. வண்ணம் பட்ட தலையைத் துடைத்துப் பயன்படுத்தக்கூடாது, மாற்றியே ஆக வேண்டும் என்பது அமெரிக்கத் தீயணைப்புத் தரநிலையின் விதி. வெப்பத்தில் உடைந்து நீரைத் திறக்க வேண்டிய குமிழின்மேல் பூச்சு ஏறினால் அது உடைவது தாமதப்படும்.

நாங்கள் இறக்கியே செய்தோம். ஒவ்வொன்றையும் கழற்றும்போது பின்புறத்தில் வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதி, பருத்திக் கையுறையோடு மட்டுமே தொட்டு, தூசியை மென்மையான தூரிகை பொருத்திய வேக்குவத்தால் இழுத்தோம். ஈரத்துணியால் துடைப்பதில்லை, துடைத்தால் அழுக்கு துளைக்குள் போய்க் குழம்பாக நிற்கும். முதல் டைலைத் தூக்கியதும் மேலிருந்து தலையில் கொட்டியவை பல்லி எச்சமும், செத்த கரப்பான்களும், ஏசி வேலை செய்தவர்கள் விட்டுப் போன வயர்த் துண்டுகளும் என்பதால், முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

கறை உள்ள டைல்களை மட்டும் பூசினால் போதாதா என்று மையத்தின் நிர்வாகி கேட்டார். போதாது. பல ஆண்டுத் தூசியிலும் வெளிச்சத்திலும் மற்ற டைல்கள் மஞ்சளாகி இருக்கும். நடுவில் ஒன்றிரண்டு மட்டும் வெளுத்திருந்தால், கறை இருந்தபோது பார்த்ததைவிட அதிகமாக எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள். புதிய டைலை வாங்கி இடையில் செருகினாலும் இதே கதைதான், தவிர நாம் வைத்திருக்கும் துளைக்கோலம் சந்தையில் நின்றுபோயிருந்தால் பொருத்தமானது கிடைக்கவும் கிடைக்காது. ஆகவே பீம், சுவர், திரைப்பெட்டி போன்று கண் இயல்பாக நின்று திரும்பும் எல்லை வரை உள்ள பகுதி முழுவதையும் ஒரே பூச்சில் கொண்டுவருவதுதான் முறை. கழித்த டைல்களுக்கு ஈடாகப் பொருள் வைக்கும் அறையின் கூரையிலிருந்து நல்ல டைல்களை எடுத்துக் கூடத்தில் சேர்த்துப் பூசினோம். அந்த அறைக்கு வேறு கோலத்தில் புதியவை போனதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தீப்பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைல் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெற்ற தீத்தடுப்புத் தரம் அதன் மூலப் பூச்சோடு சேர்த்துச் சோதித்துத் தரப்பட்டது. நாம் மேலே அடிக்கும் எதுவும் அந்தச் சான்றிதழுக்குள் வராது. மெல்லிய மேட் எமல்ஷன் பெரிய எரிபொருள் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் தப்பிக்கும் வழி, மாடிப்படிக் கூடம் போன்ற இடங்களிலும், கூரையே தீ தாங்கும் அமைப்பின் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்ட கட்டடங்களிலும், டைல் தயாரிப்பாளரின் எழுத்து வடிவிலான ஒப்புதல் இல்லாமல் நான் கன்னைத் தூக்க மாட்டேன். கண்ணாடி இழையின்மேல் மெல்லிய துணி போர்த்திய உயர்ரக டைல்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும், அவற்றின் 0.90 அளவிலான உறிஞ்சு திறனே அந்தத் துணியின் நுண்துளைகளை நம்பியிருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை எங்கள் கணக்கில் பெரும்பகுதி கூலிக்குத்தான் போயிற்று, வண்ணத்துக்கு அல்ல. நான்கைந்து டைல்களுக்காக மட்டும் கம்ப்ரஸரை வாடகைக்கு எடுப்பதில் பொருளில்லை. அந்த அளவுக்குப் புதிய டைல் வாங்குவதே மலிவு. ஒரு முழுக் கூடம் என்று வரும்போதுதான் கணக்கு திரும்புகிறது. உடைந்த டைல்கள் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு லாரியேறுவது குறைவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் 1999 முதலே பழைய டைல்களைத் திரும்ப வாங்கிப் புதியவற்றில் கலந்து வருகிறது.

பூசிய டைல்களின் பின்புறத்தில் வரிசை எண்ணோடு பூசிய மாதத்தையும் கோட் எண்ணிக்கையையும் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொரு முறை பூசலாமா, மாற்றிவிட வேண்டுமா என்பதை அடுத்து வருபவர் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். என் கணிப்பில் ஒரு டைலுக்கு வாழ்நாளில் இப்படி இரண்டு முறைக்கு மேல் தாங்காது. கழிவறையை ஒட்டிய வரிசைக்கு மட்டும் இந்த வைத்தியத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே ஈரம் எப்போதும் இருக்கும், பேச்சும் பாடமும் நடக்கும் இடமுமல்ல, பி.வி.சி. லேமினேட் ஒட்டிய ஜிப்சம் டைல்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அதே 595 மி.மீ. அளவில் பழைய கிரிட்டிலேயே உட்கார்ந்துவிடும்.